மார்ஷல்: லாயத்தின் பொறுப்பும் போர்க்களத்தின் கொடியும்

சிலுவைப் போர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் டெம்ப்ளர் வீரர்களின் பெயர் உடனே வந்துவிடுகிறது. கூடவே புதைத்து வைத்த தங்கம், ரகசியச் சடங்கு, உலகை மறைவில் ஆளும் கூட்டம் என்று கதைகளும் வரிசை கட்டுகின்றன. வீடியோ கேம்களும் திகில் நாவல்களும் இந்தக் கதைகளை ஊதிப் பெரிதாக்கியிருக்கின்றன. இந்த இரைச்சலில் அந்தச் சபைகள் அன்றாடம் எப்படி இயங்கின என்ற கேள்வி காணாமல் போய்விட்டது. அதிகம் பிழையாகப் புரிந்துகொள்ளப்படுவது மார்ஷல் என்ற பதவி. பீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவை அறிந்த நமக்கு, மார்ஷல் என்றால் படையின் உச்சத் தளபதி என்றே தோன்றும். சிலுவைப் போர்ச் சபைகளின் மார்ஷல் அப்படிப்பட்டவர் அல்லர். அவருடைய அதிகாரம் எங்கிருந்து வந்தது, எங்கே முடிந்தது என்று தெரிந்துகொண்டால் அந்தச் சபைகளின் உள்ளமைப்பே விளங்கிவிடும். புதையல் கதைகளைவிட இது எனக்கு எவ்வளவோ சுவையான விஷயம்.

முன்னறிவு எதுவும் தேவையில்லை. அடியிலிருந்தே தொடங்குவோம்.

## எதையும் சொந்தமாக வைத்திருக்காத குதிரை வீரர்கள்

முதல் சிலுவைப் போரில் மேற்கு ஐரோப்பியப் படைகள் 1099-இல் ஜெருசலேமைக் கைப்பற்றின. நகரம் கையில் வந்தாலும் அதற்குப் போகும் வழிகளில் பாதுகாப்பு இல்லை. கடற்கரையிலிருந்து ஜெருசலேமுக்கு நடந்த புனிதப் பயணிகள் வழிப்பறிக்கும் கொலைக்கும் ஆளானார்கள். அவர்களுக்குக் காவலாக 1119-20 வாக்கில் ஹியூ டி பாயென் என்ற பிரெஞ்சுப் பிரபுவும் அவருடைய தோழர்கள் சிலரும் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். சாலமோனின் கோயில் இருந்த இடம் என்று அன்றைய கிறிஸ்தவர்கள் நம்பிய அல்-அக்ஸா வளாகத்தில், சிலுவைப் படையினர் நிறுவிய ஜெருசலேம் அரசின் மன்னர் அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார். அதனால்தான் கோயிலின் வீரர்கள், அதாவது டெம்ப்ளர்கள், என்ற பெயர். 1129-இல் பிரான்சின் த்ருவா நகரில் கூடிய திருச்சபை மாமன்றம் அவர்களுக்கு ஒரு விதிநூலை அளித்தது.

இந்தக் கட்டுரையில் சபை என்று நான் சொல்வது, ஒரே விதிநூலுக்குக் கட்டுப்பட்டு வாழும் துறவிகளின் அமைப்பை. டெம்ப்ளர்கள் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குறுதிகளை ஏற்ற துறவிகள். அதே வாக்குறுதிகளோடு வாளும் ஏந்தியவர்கள் என்பதுதான் புதுமை. இதே பாதையில் வேறு இரண்டு பெரிய சபைகளும் வளர்ந்தன. ஜெருசலேமில் நோயாளிகளைப் பராமரித்த விடுதியாகத் தொடங்கி, 1113-இல் போப்பின் அங்கீகாரம் பெற்று, பிறகு ஆயுதம் எடுத்தவர்கள் ஹாஸ்பிட்டலர்கள். 1190-இல் ஆக்கர் துறைமுக நகரின் முற்றுகையின்போது ஜெர்மானியர்கள் தொடங்கிய மருத்துவச் சேவையிலிருந்து வளர்ந்தது டியூட்டானிக் சபை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கவசம் அணிந்த குதிரை வீரன்தான் அந்தக் காலத்திலேயே மிகச் செலவு பிடித்த போர்வீரன். போர்க்குதிரை, பயணக் குதிரை, சுமைக் குதிரை, இரும்புச் சங்கிலிச் சட்டை, ஈட்டி, வாள், கேடயம், இவற்றைக் கவனிக்க ஓர் உதவியாள் என்று அவனுக்குத் தேவைகள் நீண்டுகொண்டே போகும். ஐரோப்பாவில் ஒரு பிரபு தன் நிலத்தின் வருவாயிலிருந்து இந்தச் செலவைச் செய்தார். டெம்ப்ளர் துறவியோ ஒரு காசைக்கூடத் தன்னுடையது என்று வைத்திருக்க முடியாது. விதிநூல் ஒவ்வொரு வீரனுக்கும் மூன்று குதிரைகளும் ஓர் உதவியாளும் என்கிறது. நான்காவது குதிரை வேண்டுமானால் தலைவர் மனம் வைக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றுகூட அவனுக்குச் சொந்தம் கிடையாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெருசலேம் அரசில் ஏறத்தாழ 300 டெம்ப்ளர் வீரர்கள் இருந்தார்கள் என்றும், அவர்களுக்குக் கீழே சார்ஜன்ட் எனப்படும் எளிய குலத்துப் போர்வீரர்கள் எண்ணற்றோர் இருந்தார்கள் என்றும் அக்கால வரலாற்றாசிரியர் டயர் நகர வில்லியம் எழுதினார். 300 வீரர்களுக்கு மூன்று என்றால் வீரர்களுக்கு மட்டும் 900 குதிரைகள். யாருக்கும் சொந்தமில்லாத இத்தனை குதிரைகளையும் ஆயுதங்களையும் யார் வாங்குவது, யார் பராமரிப்பது, யாருக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒருவர் வேண்டுமல்லவா? மார்ஷல் பதவி பிறந்தது இந்தத் தேவையில்தான்.

## உக்கிராண அறையின் சாவி

நம் ஊர்ப் பெரிய கல்யாணங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் பெயர் இருப்பதும் மேடையில் நிற்பதும் பெண்ணின் தகப்பனார். ஆனால் உக்கிராண அறையின் சாவி அவருடைய இடுப்பில் இருக்காது. பொறுப்பான மாமா ஒருவரிடம் இருக்கும். அரிசி எத்தனை படி போக வேண்டும், நெய் டின்னை எப்போது உடைக்க வேண்டும், இலைக்கட்டு எந்தப் பந்திக்கு என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் நடக்கும். மொய்ப் பணமோ வேறொருவர் கையில் இருக்கும். பணத்தையும் பண்டத்தையும் ஒரே ஆளிடம் விடக்கூடாது என்பது பெரியவர்கள் கண்ட வழி.

டெம்ப்ளர் சபையும் ஏறத்தாழ இப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது. உச்சியில் தலைவர். அவருக்குத் துணையாக, அவர் இல்லாத இடத்தில் அவருடைய இடத்தை வகிப்பவர் செனஷல். பணக்கருவூலம் ஜெருசலேம் நிலத்தின் கமாண்டரிடம். கமாண்டர் என்பவர் வீடுகளையும் நிலங்களையும் வருவாயையும் நிர்வகிப்பவர். துணிமணிகளும் படுக்கைகளும் டிராப்பர் என்ற அதிகாரியிடம். குதிரைகளும் ஆயுதங்களும் மார்ஷலிடம்.

இந்தப் பிரிவினை எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு ஒரு சான்று போதும். கருவூலத்தின் சாவியைத் தலைவரே வைத்திருக்கக் கூடாது என்கிறது விதிநூல். தன் விலையுயர்ந்த பொருள்களுக்காக உள்ளே பூட்டிய பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. போர் தொடுப்பது, தற்காலிக அமைதி செய்வது, நிலத்தைக் கொடுப்பது போன்றவற்றுக்கும் சபைச் சகோதரர்களின் பேரவையுடைய ஒப்புதல் அவருக்குத் தேவை. அவர் தனியாட்சி நடத்திய சர்வாதிகாரி என்ற எண்ணம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

## ஒரு குதிரையின் பயணம்

மார்ஷலின் வேலை எப்படியிருந்தது என்று பார்க்க, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் ஒரு குதிரையைப் பின்தொடர்வோம்.

கப்பலிலிருந்து இறங்கியதும் அது மார்ஷலுடைய குதிரை வரிசைக்குப் போகும். தலைவர் வந்து பார்க்கும்வரை மார்ஷல் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. தலைவர் தமக்கென்று எடுத்துக்கொண்டது போக எஞ்சியவற்றை, யாருக்கு எது தேவை என்று பார்த்து மார்ஷல் பகிர்ந்தளிப்பார். எனக்கு இந்தக் குதிரைதான் வேண்டும் என்று வீரன் அடம் பிடிக்க முடியாது. ஆனால் கிடைத்த குதிரை முரண்டு பிடித்தாலோ, ஏறியவனைத் தூக்கி எறிந்தாலோ மார்ஷலிடம் முறையிடலாம். அதில்தான் ஏற வேண்டும் என்று மார்ஷல் அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கீழ்ப்படிதலை உயிராகக் கருதிய ஒரு சபை இந்தச் சிறு உரிமையை எழுதி வைத்திருப்பதைப் படிக்கும்போது, உண்மையில் குதிரை ஏறியவர்கள் எழுதிய விதி இது என்பது தெரிகிறது.

சபைக்குத் தானமாக வரும் ஆயுதங்களும் விலைக்கு வாங்கும் ஆயுதங்களும் பெரும்பாலும் மார்ஷல் கைக்கே வந்து சேர்ந்தன. சேணம், கடிவாளம் போன்ற சிறு கருவிகளைக் கவனிக்க அவருக்குக் கீழே துணை மார்ஷல் ஒருவர் இருந்தார். உதவியாள்களை மேய்க்கும் பொறுப்பு கொடிக்காவலருக்கு. டர்கோபோல்கள் என்ற படையினரும் இருந்தார்கள். உள்ளூரிலேயே திரட்டப்பட்ட, இலகுவான ஆயுதம் தரித்த குதிரைப்படையினர் இவர்கள். இவர்களை டர்கோபோலியர் என்ற அதிகாரி நடத்தினார்.

ஜெருசலேமில் டெம்ப்ளர்களின் லாயம் அல்-அக்ஸா வளாகத்தின் அடித்தளத்து மண்டபங்களில் இருந்தது. அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கட்ட இடமிருந்ததாக 1160-களில் அங்கே சென்ற வூர்ஸ்பர்க் நகரத்துப் பயணி ஜான் எழுதி வைத்தார். பயணிகள் கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் அந்த லாயத்தைப் பார்த்தவர் வியந்துபோனார் என்பதில் சந்தேகமில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக் கொள்வோம். சபை வீரர்களுக்குச் சொந்தச் சொத்து கிடையாது. எனவே போர்ச் சாதனங்களைப் பங்கிட ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டார். அவர்தான் மார்ஷல். பணம் அவரிடம் இல்லை. அவர் தலைவரும் இல்லை. போர் மூளும்போது அவர் ஏன் முன்னுக்கு வந்தார் என்பது அடுத்த கேள்வி.

## ஓட விடுவதல்ல, பிடித்து வைப்பதே வேலை

குதிரைகளையும் ஆயுதங்களையும் கொடுத்தவரே அவற்றோடு களத்தில் நிற்பவர்களை வழிநடத்துவது இயல்பாக வந்த வளர்ச்சி. சகோதரர்கள் ஆயுதம் தரித்துப் புறப்பட்டுவிட்டால் வீரர்களும் சார்ஜன்ட்களும் மார்ஷலின் கட்டளைக்குள் வந்துவிடுவார்கள். தலைவர் கூடவே இருந்தால் மார்ஷலும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்தான்.

திரைப்படங்கள் இங்கேதான் நம்மை ஏமாற்றுகின்றன. வாளை உயர்த்தி, பாயுங்கள் என்று கத்துவதுதான் தளபதியின் வேலை என்று அவை காட்டுகின்றன. மார்ஷலின் பெரும்பணி அதற்கு நேர்மாறானது.

கனரகக் குதிரைப்படையின் பாய்ச்சல் என்பது கவச வீரர்கள் தோளோடு தோள் நெருங்கி, ஈட்டியை அணைத்துப் பிடித்து, ஒரே நேரத்தில் மோதுவது. அந்த மோதலை எதிர்கொண்டு நிற்பது எந்தப் படைக்கும் கடினம். ஆனால் பாய்ந்து முடித்த பிறகு வரிசை கலைந்துவிடும், குதிரைகள் களைத்துவிடும், மறுபடி ஒன்றுசேர்வது பெரும்பாடு. ஆகவே அதைச் சரியான கணத்தில் ஒருமுறை செய்தால்தான் பலன். எதிரே நின்ற துருக்கியக் குதிரை வில்லாளிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கிட்டே வந்து அம்பெய்வார்கள், பயந்தோடுவதுபோல் பின்வாங்குவார்கள். பொறுமை இழந்து சிலர் துரத்திப் போனால் அவர்களைச் சுற்றி வளைத்து முடித்துவிடுவார்கள். அம்பு மழையில் அசையாமல் நிற்க வைப்பவரே அங்கே நல்ல தளபதி.

விதிநூலின் போர்ப் பகுதி முழுக்க இந்த ஒரே கவலைதான். அனுமதியில்லாமல் யாரும் வரிசையைவிட்டு முன்னே போகக் கூடாது. மீறிப் பாய்ந்தவன் தன் சபை உடையையே இழக்க நேரும். அது அவனுக்குப் பெரும் அவமானம். சேணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சற்றே வெளியே ஓட்டிவிட்டுத் திரும்பலாம். மற்றொரு விதிவிலக்கும் உண்டு. கிறிஸ்தவன் ஒருவன் அறியாமையால் தனியே போய் எதிரியிடம் சாகக் கிடக்கிறான், அவனைக் காப்பாற்ற முடியும் என்று மனச்சாட்சி சொல்கிறது என்றால், ஓடிப்போய்க் காப்பாற்றிவிட்டு அமைதியாக வரிசைக்குத் திரும்பலாம். இரும்புக் கட்டுப்பாட்டுக்கு நடுவே மனச்சாட்சிக்கு இடம் விட்ட இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது.

பாய்ச்சலுக்கான கணத்தைக் காட்டுவது கொடி. டெம்ப்ளர்களின் கொடி கறுப்பும் வெள்ளையுமாக இரு நிறம் கொண்டது. பாயும் வேளை நெருங்கியதும் மார்ஷல் அதைத் துணை மார்ஷலிடமிருந்து தம் கையில் வாங்கிக்கொள்வார். ஐந்து, ஆறு, அதிகம் போனால் பத்து வீரர்களை அவர் பொறுக்கி எடுப்பார். கொடியைச் சுற்றி நின்று காப்பது அவர்களுடைய பொறுப்பு. இன்னொரு கொடி, ஈட்டியில் சுற்றப்பட்ட நிலையில், வேறொரு தளபதியிடம் தயாராக இருக்கும். முதல் கொடி கிழிந்தாலோ விழுந்தாலோ இரண்டாவது விரியும். கொடிக்கம்பைத் தாழ்த்தி எதிரியைக் குத்துவதுகூடக் குற்றம். அதனால் தீங்கு விளைந்தால் குற்றவாளிக்கு விலங்கு பூட்டலாம் என்கிறது விதி. கொடி தாழ்ந்தால் தூரத்தில் இருப்பவன் தோற்றுவிட்டோம் என்று நினைத்து ஓடிவிடுவான் அல்லவா? கொடி பறக்கும்வரை எந்தச் சகோதரனும் களத்தைவிட்டு நீங்க முடியாது. தன் கொடி வீழ்ந்துவிட்டால் ஹாஸ்பிட்டலர் கொடியையோ வேறு கிறிஸ்தவக் கொடியையோ தேடிச் சேர வேண்டும்.

## பொறுமை இழந்த இரண்டு மார்ஷல்கள்

விதி எழுதியதால் மட்டும் மனிதர்கள் மாறிவிடுவதில்லை. மற்றவர்களைப் பிடித்து வைக்க வேண்டிய மார்ஷலே கட்டுமீறிய நிகழ்ச்சிகள் நூல்களில் பதிவாகியுள்ளன.

1191 செப்டம்பர் 7. மூன்றாம் சிலுவைப் போர். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் படை கடற்கரையோரமாகத் தெற்கே நடக்கிறது. அர்சூஃப் அருகே சுல்தான் சலாஹுதீனின் படை பின்னாலும் பக்கவாட்டிலும் நெருக்குகிறது. பின்வரிசையில் இருந்தவர்கள் ஹாஸ்பிட்டலர்கள். அம்புகளால் அவர்களுடைய குதிரைகள் ஒவ்வொன்றாய்ச் சரிகின்றன. சபைத் தலைவர் கார்னியே டி நாப்லூஸ் மன்னரிடமே சென்று பாய்வதற்கு அனுமதி கேட்டார். பொறுத்திருங்கள் என்றார் ரிச்சர்ட். படையின் முன், நடு, பின் என மூன்று இடங்களில் எக்காளங்கள் ஒலித்த பிறகே பாய வேண்டும் என்பது ஏற்பாடு. எக்காளம் ஒலிக்கவில்லை. ஹாஸ்பிட்டலர்களின் மார்ஷலும் பால்ட்வின் டி காரோன் என்ற வீரரும் வரிசையை உடைத்துக்கொண்டு பாய்ந்தார்கள். பின்வரிசை முழுவதும் அவர்களைத் தொடர்ந்தது. ரிச்சர்டுக்கு வேறு வழியில்லாமல் மொத்தப் படையையும் இறக்கினார். அன்று வெற்றி கிட்டியது. மன்னருடைய விரைவான முடிவால் கிட்டிய வெற்றி அது. அந்த மார்ஷல் செய்தது தவறு என்பதே அன்றைய எழுத்தாளர்களின் தீர்ப்பு.

இரண்டாவது 1249 டிசம்பரில். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் படை எகிப்தில் நைல் ஆற்றோரமாக மன்சூரா நோக்கி நகர்ந்தது. யாரும் பாயக் கூடாது என்று மன்னர் ஆணையிட்டிருந்தார். முன்வரிசையில் டெம்ப்ளர்கள். அவர்களுடைய மார்ஷல் ரெனோ டி விஷியே. ஒரு துருக்கிய வீரன் டெம்ப்ளர் ஒருவரை அடித்து வீழ்த்தினான். அவர் விழுந்தது மார்ஷலுடைய குதிரையின் குளம்படியில். அதற்கு மேல் விஷியேவால் தாங்க முடியவில்லை. கடவுளின் பெயரால் பாயுங்கள், இனி என்னால் பொறுக்க முடியாது என்று கூவிக் குதிரையை முடுக்கினார். அந்தப் படையெடுப்பில் உடனிருந்த ஜுவான்வில் என்ற பிரபு முதுமையில் எழுதிய நினைவுகளில் இதைச் சொல்கிறார். அந்த மோதலிலும் டெம்ப்ளர்களே வென்றார்கள். தன் சகோதரன் காலடியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எத்தனை கொடுமையான கடமை என்பது அந்த ஒரு கூவலில் தெரிகிறது.

சுருக்கமாக: மார்ஷலுக்குக் களத்தில் இரண்டு கருவிகள். ஒன்று, அனுமதியில்லாமல் யாரும் அசையக் கூடாது என்ற விதி. மற்றொன்று, அந்த அனுமதியைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டும் கொடி.

## கப்பலில் ஒரு கோடரி

அதே விஷியே ஆறு மாதங்களுக்குள் மற்றொரு காட்சியில் வருகிறார். பணமும் படையும் பிரிந்திருந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

எகிப்துப் படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது. டெம்ப்ளர் தலைவர் கியோம் டி சொன்னாக் 1250 பிப்ரவரியில் போரில் இறந்தார். ஏப்ரலில் மன்னரே சிறைப்பட்டார். மே மாதம் மீட்புத் தொகையின் முதல் தவணையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது 30,000 லிவர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) குறைந்தது. முழுத் தொகையும் போய்ச் சேரும்வரை மன்னரின் தம்பி அல்ஃபோன்ஸ் பிணையாகச் சிக்கியிருந்தார். டெம்ப்ளர்களிடம் கடன் கேட்கலாம் என்றார் ஜுவான்வில்.

சபையின் கமாண்டர் எத்தியேன் டி ஓத்ரிகூர் மறுத்துவிட்டார். அந்தப் பணம் பிறர் நம்பி ஒப்படைத்தது, உரியவரைத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறோம் என்றார். நியாயமான பதில்தான். வாக்குவாதம் சூடேறியது. அப்போது மார்ஷல் விஷியே குறுக்கிட்டார். எங்களால் சத்தியத்தை மீறிக் கடன் தர முடியாது, ஆனால் நீங்களாகவே எடுத்துக்கொண்டால் அது வேறு, உங்கள் பணம் ஆக்கரில் எங்களிடம் இருக்கிறது, அதில் ஈடுகட்டிக்கொள்வோம் என்றார்.

ஜுவான்வில் டெம்ப்ளர்களின் கப்பலுக்குப் போனார். கருவூலப் பொறுப்பாளர் சாவியைத் தர மறுத்தார். அருகே கிடந்த ஒரு கோடரியைத் தூக்கிய ஜுவான்வில், இதுவே மன்னரின் சாவி என்றார். உடனே மார்ஷல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பலவந்தம் செய்வதால் சாவியைக் கொடுக்கச் சொல்கிறேன் என்றார். பெட்டி திறந்தது. சத்தியமும் காப்பாற்றப்பட்டது, மன்னரின் தம்பியும் மீண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, தலைவர் பதவி காலியாக இருந்த அந்த நாள்களில் மார்ஷலின் சொல்லுக்கு எவ்வளவு எடை இருந்தது என்பது. ஜெருசலேம் அரசில் தலைவர் இறந்தால் மார்ஷல் முதலில் பொறுப்பேற்று இறுதிச் சடங்கு நடத்துவார், அதிகாரிகளை வரவழைப்பார். பிறகு இடைக்காலப் பொறுப்பாளர் ஒருவர் அமர்த்தப்படுவார். புதிய தலைவரைத் தேர்ந்தெடுப்பது 13 பேர் கொண்ட குழு: எட்டு வீரர்கள், நான்கு சார்ஜன்ட்கள், ஒரு குருவானவர். அந்த ஆண்டே விஷியே தலைவரானார். மன்னர் லூயியின் ஆதரவும் அதற்கு உதவியது.

மன்னரின் அன்பு நெடுநாள் நிலைக்கவில்லை. விஷியேவுக்குப் பின் மார்ஷலான ஹியூ டி ஜூய், ஒரு நிலப் பகிர்வு தொடர்பாக டமாஸ்கஸ் சுல்தானிடம் தூது போய் உடன்படிக்கை செய்துவந்தார். தம்மைக் கேட்காமல் செய்ததற்காக லூயி கொதித்தார். டெம்ப்ளர்கள் வெறுங்காலோடு படைமுகாமின் நடுவே நடந்துவந்து மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஹியூ அரசைவிட்டே வெளியேற்றப்பட்டார். தலைவர் அனுப்பியதால் போனவர் அவர். இருந்தும் தண்டனையின் பெரும்பங்கு அவர் தலையில் விழுந்தது.

## ஆக்கர், 1291

1291 மே 18-இல் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் அல்-அஷ்ரஃப் கலீலின் படை ஆக்கர் நகருக்குள் புகுந்தது. டெம்ப்ளர் தலைவர் கியோம் டி போஜு அன்று இறந்தார். ஹாஸ்பிட்டலர்களின் மார்ஷல் மத்தியூ டி கிளெர்மோனும் அதே நாளில் போரிட்டு மாண்டார். கடலோரத்தில் இருந்த டெம்ப்ளர் கோட்டை மட்டும் மேலும் பத்து நாள் தாக்குப் பிடித்தது. உள்ளே வீரர்களோடு, தஞ்சம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் ஏராளம். பொறுப்பில் இருந்தவர் மார்ஷல் பியேர் டி செவ்ரே.

சரணடைவதாகப் பேசி முடித்து, சுல்தானின் வீரர்கள் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் பெண்களிடமும் சிறுவர்களிடமும் அத்துமீறவே, டெம்ப்ளர்கள் அவர்களை வெட்டிப் போட்டுக் கதவை அடைத்தார்கள். அந்த நாள்களில் ஓர் இரவில் கமாண்டர் தியோபால்டு கோடான் சபையின் கருவூலத்தோடு கப்பலேறி சீதோனுக்குப் போனார். அங்கே அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சபை நூறாண்டுக்கு மேலாகப் பிரித்து வைத்திருந்த இரண்டு பொறுப்புகளும் அந்த இரவில் இரண்டு திசையில் போயின: பணம் கடலில், கொடி கோட்டையில். மீண்டும் சமாதானப் பேச்சு என்று சுல்தான் அழைத்தபோது செவ்ரே சில தோழர்களோடு வெளியே சென்றார். அவர்கள் பிடிக்கப்பட்டுத் தலை வெட்டப்பட்டார்கள். மே 28-இல், அடியில் சுரங்கம் தோண்டப்பட்ட கோட்டை இடிந்து, உள்ளிருந்தவர்களோடு தாக்கியவர்களையும் புதைத்தது.

பிறகு சிரியக் கரைக்கு எதிரே இருந்த ருவாத் என்ற சிறு தீவை டெம்ப்ளர்கள் சிறிது காலம் பிடித்து வைத்திருந்தார்கள். 1302-இல் அதுவும் விழுந்தது. அங்கே தலைமை தாங்கி இறந்த பார்த்தெலெமி டி கின்சியும் ஒரு மார்ஷலே. 1307-இல் பிரான்சில் டெம்ப்ளர்களைக் கைது செய்யத் தொடங்கினார்கள். கடைசி மார்ஷல் எம் டி’வாசலே சைப்ரஸில் சரணடைந்து, சிறையிலேயே இறந்தார். 1312-இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் சபையைக் கலைத்தார்.

## அதே பெயர், வேறு பாதை

டியூட்டானிக் சபை பால்டிக் கரைக்கு நகர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டில் அதன் மார்ஷல் கோனிக்ஸ்பெர்க்கில் அமர்ந்து லித்துவேனியாவுக்கு எதிரான படையெடுப்புகளை நடத்தினார். 1370-இல் ருடாவ் போரில் மார்ஷல் ஹென்னிங் ஷிண்டேகோப் இறந்தார். 1410-இல் கிரன்வால்ட் போரில் தலைவர் உல்ரிக்குடன் மார்ஷல் பிரெடெரிக் வான் வாலன்ரோடும் வீழ்ந்தார்.

ஹாஸ்பிட்டலர்களின் மார்ஷல் பதவிக்குத்தான் நீண்ட ஆயுள். 1160-களில் தலைகாட்டிய அந்தப் பதவியின் கடமைகளை 1206-இல் மர்காப் கோட்டையில் இயற்றிய சட்டங்கள் வரையறுத்தன. ஆக்கர் வீழ்ந்த பிறகு சபை சைப்ரஸுக்கும், அங்கிருந்து ரோட்ஸ் தீவுக்கும் போனது. தீவில் வாழ்பவர்களுக்குக் குதிரையைவிடக் கப்பல் முக்கியம். ஆகவே அட்மிரல் என்ற புதிய பதவி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உருவாகிவிட்டது. மார்ஷல் மதிப்பில் உயர்ந்தவராகவே இருந்தார். ஆனால் சபையின் உண்மையான போர் கடலுக்கு மாறிவிட்டது.

ரோட்ஸில் மற்றொரு மாற்றமும் வந்தது. சபை உறுப்பினர்கள் பிறந்த நாட்டையும் பேசிய மொழியையும் வைத்து லாங் எனப்படும் பிரிவுகளாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் உயர் பதவி நிலையாக ஒதுக்கப்பட்டது. அட்மிரல் பதவி இத்தாலிக்கு, டர்கோபோலியர் இங்கிலாந்துக்கு, கிராண்ட் கமாண்டர் புரோவான்ஸுக்கு, மார்ஷல் பிரான்சின் நடுப்பகுதியான ஓவெர்னுக்கு. அன்று முதல் மார்ஷலாவதற்கு ஒருவர் ஓவெர்ன் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், அந்தப் பிரிவில் மூப்பும் பெற்றிருக்க வேண்டும். அம்பு மழையில் அசையாமல் நிற்க வைக்கும் திறமை அவருக்கு இருக்கிறதா என்பது பின்னுக்குப் போனது. பல நாட்டவர் சண்டையின்றிச் சேர்ந்து வாழ அந்த ஏற்பாடு உதவியது உண்மை. ஆனால் பதவியின் உயிர் அதில் மெலிந்துபோனது என்பதே என் கருத்து.

சபையின் போர்த்திறன் கப்பல்களில் செழித்தது. அதன் தடம் நம் கடற்கரை வரை நீண்டிருக்கிறது. 1782-83-இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் அருகே ஆங்கிலேயக் கடற்படையோடு மோதிய பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரென், பிற்காலத்தில் சபை குடியேறிய மால்டா தீவில் அதன் கப்பல்களில் பணியாற்றியவர். புரோவான்ஸில் பிறந்த அவர் சபையின் உயர்நிலை உறுப்பினருங்கூட.

ரோட்ஸ் 1522-இன் இறுதியில் உஸ்மானிய சுல்தான் சுலைமானிடம் பணிந்தது. 1530-இல் சபை மால்டாவுக்குக் குடியேறியது. 1798 ஜூனில் நெப்போலியன் வந்து இறங்கியபோது சபை பெரிதாக எதிர்க்காமலேயே தீவைக் கொடுத்துவிட்டது. மால்டா மார்ஷலின் பிரிவினர் தங்கியிருந்த ஓவெர்ன் விடுதி இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது. வலேட்டா நகரில் அந்த இடத்தில் இன்று நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. சபை மறையவில்லை. 1834 முதல் ரோமைத் தலைமையிடமாகக் கொண்டு மருத்துவ, நிவாரணப் பணிகளைச் செய்துவருகிறது. அதன் நான்கு உயர் பொறுப்புகள் கிராண்ட் கமாண்டர், கிராண்ட் சான்சலர், கிராண்ட் ஹாஸ்பிட்டலர், பொதுக் கருவூலத்தின் பொறுப்பாளர் ஆகியவை. மார்ஷல் பதவி அந்தப் பட்டியலில் இல்லை.